தறியை நிறுத்திவிட்டுக் கப்பலேறும் தம்பதிகளுக்கு

திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கடல் உண்டு. பழவேற்காடு, காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் நம் மாவட்டக் கணக்கில்தான் வருகின்றன. ஆனால் அதெல்லாம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம். மாவட்டத்தின் மேற்குக் கோடியில், சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆர்.கே.பேட்டைக்கு வாய்த்தது ஏரி. அதிலும் தண்ணீர் நிற்பது வருஷத்தில் சில மாதம். இப்படிப்பட்ட ஊரில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கல்யாண நாள் பரிசு என்று கப்பல் டிக்கெட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. திருப்பதிக்கு எப்படிப் போவது என்று கேட்டால் பத்துப் பேர் பதினோரு வழி சொல்வார்கள். கப்பலுக்கு ஒருவரும் இல்லை. அந்தக் குறை தீரவே இந்தக் கையேடு.

டிக்கெட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். விலை கேளுங்கள். "எவ்வளவுடா ஆச்சு?" மகன் பாதிதான் சொல்வான். அந்தப் பாதிக்கே அப்பா எத்தனை கோன் நூல் வாங்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பிப்பார். அம்மா, "இந்த வயசுல எங்களுக்கு எதுக்குடா இதெல்லாம்" என்பார். அப்போது மகன், "கேன்சல் பண்ணா பணம் திரும்ப வராதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆர்.கே.பேட்டைத் தம்பதியைக் கடலுக்கு அனுப்பும் சக்தி அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உண்டு. கடலின் அழகு, மனசுக்கு ஓய்வு என்றெல்லாம் விளம்பரத்தில் போடுகிறார்களே, அவற்றால் நம் ஊரில் ஒரு ஆணி கூட அசையாது.

அடுத்து தறி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி ஓடுகிறது என்றால், ஆள் வைத்து ஓட்டுவதா, நிறுத்திவிட்டுப் போவதா? ஆள் வைத்தால், அறுந்த இழையை ஒழுங்காக முடிந்தாரா, நாடாவில் தார் தீர்ந்ததைக் கவனித்தாரா என்று நடுக்கடலிலும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவிடுங்கள். ஓடாத தறி நஷ்டம் என்று தூக்கம் வராவிட்டால் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: கப்பல் சுற்றுலா என்பதே சும்மா நின்ற எந்திரத்தை ஓட்டக் கண்டுபிடித்த வழிதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்று ஒரு கப்பல் கம்பெனிக்காரர் இருந்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போக ஆள் வருவதில்லை. கப்பல்கள் துறைமுகத்தில் நின்று காசைத் தின்றன. 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலில் 241 பேரை ஏற்றி, மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். எங்கும் போய்ச் சேர வேண்டாம், கிளம்பிய ஊருக்கே கொண்டுவந்து விட்டால் போதும், அதற்கும் ஜனம் காசு கொடுக்கும் என்று புரிந்துகொண்டவர் அவர். நம் பக்கத்து மாஸ்டர் வீவர்கள் எவ்வளவோ கெட்டிக்காரர்கள். இது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

மூட்டை கட்டும் கட்டம் ஆபத்தானது. வெளிச் சாப்பாடு கப்பலுக்குள் கூடாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் கூடாது. இதை மனைவியிடம் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளவே கூடாது. மகனிடம் விட்டுவிடுவது உத்தமம். ஏனென்றால் உரையாடல் இப்படிப் போகும்:

"கப்பல்ல பசிச்சா இன்னாங்க பண்றது?"

"நாள் பூரா சாப்பாடு போட்டுக்கினே இருப்பானாம்."

"அதுக்கு நடுவுல பசிச்சா?"

இதற்கு உலகத்தில் பதில் இல்லை. புளிசாதத்தைத் திருத்தணி ரயிலிலேயே சாப்பிட்டு முடித்துவிடலாம். முறுக்கு டப்பா துறைமுகத்து எக்ஸ்ரே எந்திரத்தில் மாட்டும். மாட்டட்டும். அது மாட்டும் பரபரப்பில், மாத்திரைப் பைக்குள் இருக்கும் நார்த்தங்காயை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது மனைவியின் திட்டம். கணவருக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது. அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

சென்னையிலிருந்து ஓடும் சொகுசுக் கப்பல் 'எம்ப்ரஸ்'. கார்டிலியா நிறுவனத்துடையது. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 11 தளம், சுமார் 210 மீட்டர் நீளம். 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் அமெரிக்கப் பக்கம் ஓடத் தொடங்கி, பெயர் மாறி, கை மாறி, இங்கே வந்து சேர்ந்தது. இந்தத் தகவலைக் கணவரிடம் தாராளமாகச் சொல்லலாம். அதுவரை விறைப்பாக இருந்தவர், "அப்போ செகண்ட் ஹேண்டா!" என்று நெருங்கி வந்துவிடுவார். அவருடைய தறியும் செகண்ட் ஹேண்ட்தான். கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "பழசுன்னாலும் பாடி கெட்டியாக்கீது" என்பார். தட்ட விடுங்கள். கப்பலில் அவருக்குப் புரிந்த ஒரே பொருள் அதுதான்.

இப்போது அறை. மகன் எடுத்தது உள்ளறை. அதாவது ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் மனைவி நேரே எதிர்ச் சுவரிலிருக்கும் திரைச்சீலையிடம் போய் அதை விலக்குவார். பின்னால் சுவர். இன்னொரு பக்கம் விலக்குவார். அங்கும் சுவர். "கடல் எங்கங்க?" என்று கேட்டுவிட்டு, குளியலறைக் கதவையும் ஒருமுறை திறந்து பார்ப்பார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஜன்னலறையும் பால்கனி அறையும் விலை அதிகம். உள்ளறை எடுத்தவர்களுக்குக் கடல் மாடியில் இருக்கிறது, லிஃப்டில் போக வேண்டும். போனால் அங்கே நீச்சல் குளம் இருக்கும், அதைச் சுற்றி நாற்காலி, நாற்காலியில் ஜனம், ஜனத்துக்கு நடுவில் ஒலிபெருக்கி. இத்தனையையும் தாண்டிக் கம்பி ஓரம் போனால்தான் கடல். இவ்வளவு பெரிய சமுத்திரத்தை இவ்வளவு சிரமப்பட்டு மறைத்துவைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை உண்டு. சங்கு ஏழு முறை சுருக்கமாகவும் ஒரு முறை நீளமாகவும் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டித்தருவார்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-ல் நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கையின் வழிவந்த விதி இது. கேலி செய்யாமல் போய் நில்லுங்கள். அலமாரியில் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை இருக்கும். கணவர் அதை உடனே மாட்டிக்கொண்டு மனைவிக்கும் மாட்டிவிடுவார். நாடாவைக் கட்டத் தெரியாமல் திணறும்போது பக்கத்து அறைக்காரர் யாராவது, "இருங்க சார், நான் ஒரு போட்டோ எடுக்கிறேன்" என்பார். எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பிறகு.

எல்லாம் முடிந்து கப்பல் கிளம்பியதும்தான் உண்மையான சோதனை. செய்வதற்கு வேலை இல்லை. படுக்கையை யாரோ தட்டிப் போட்டுவிடுகிறார்கள். துண்டை மடித்து அன்னப்பறவை செய்துவைக்கிறார்கள். (அதைப் பிரிக்க மனசு வராமல் மனைவி புடவைத் தலைப்பில் முகம் துடைப்பார்.) ஊரில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று யார் சொன்னார்கள்? நாள் முழுக்கப் பேசுகிறீர்கள். "பால்காரன் வந்தானா", "மோட்டார் நிறுத்து", "மூணாவது தறியில பாவு தீருது", "கூலி குடுத்தாச்சா". அதுவும் தறிச் சத்தத்தை மிஞ்சிக் கத்திப் பேசி, பாதி உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு. பால்காரனும் மோட்டாரும் பாவும் இல்லாத இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால், முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோகும். கொஞ்சதூரம் போனதும் சிக்னலும் போய்விடும். கப்பலில் வைஃபை உண்டு, அதற்குத் தனிக் காசு. ஆகவே கணவர் நூல் விலை பார்க்க முடியாது. மனைவி அம்மையார்குப்பத்து அக்காவிடம் பேச முடியாது. மிச்சம் இருப்பது ஒருவருக்கொருவர்தான்.

இதைச் சமாளிக்கப் பழகியவர்கள் சில உபாயம் வைத்திருக்கிறார்கள். கப்பலில் எரியும் விளக்குகளை எண்ணுவது ஒன்று. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-லிருந்து தருகிறார்களே, அது இந்தக் கப்பலுக்கு எத்தனை நாள் வரும் என்று கணவர் மனக்கணக்குப் போட ஆரம்பித்தால் ஒரு மத்தியானம் ஓடிவிடும். பட்டப்பகலில் எரியும் ஒவ்வொரு விளக்கையும் அவர் அணைக்கப் போகாமல் பார்த்துக்கொள்வது மனைவியின் பங்கு. இன்னொன்று, பஃபே. சாப்பாட்டுக் கூடத்தில் ஜைன உணவு வரைக்கும் தனியாக இருக்கும், ரசம் இருக்காது. "ரசம் இல்லாம எப்படிங்க" என்பதில் தொடங்கி மாமியார் வைத்த ரசம், அதில் இருந்த குறை, அந்தக் குறையை அன்றைக்கே சொல்லாமல் விட்டது என்று போனால் ராத்திரி வரை பேச்சுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த வழி சண்டையில் முடியும். ஊரில் சண்டை வந்தால் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவார். டீயும் தினத்தந்தியும் முடியும்போது கோபமும் முடிந்திருக்கும். கப்பலில் அவர் இடப்பக்கமாகவும் மனைவி வலப்பக்கமாகவும் கோபித்துக்கொண்டு நடந்தால், மேல்தளத்தைச் சுற்றிக்கொண்டு சில நிமிடத்தில் எதிரெதிரே வந்து நிற்பார்கள். நம் முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனோடு சண்டையை முடித்துவிட்டு, கோபம் ஆற அவர் வந்து உட்கார்ந்தது கடலே கண்ணுக்குத் தெரியாத திருத்தணி மலையில். அதனால்தான் கந்தசஷ்டிக்கு ஊரெல்லாம் சூரசம்ஹாரம் நடக்க, நம் திருத்தணியில் மட்டும் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்கிறார்கள். அவருக்கே கடலோரம் மனசு ஆறவில்லை. நீங்களும் கப்பலிலேயே சமாதானம் ஆகிவிடத் துடிக்காமல், "ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று ஒத்திவைத்துவிடுங்கள். ஊரில் தறி ஓடும். பேசினாலும் கேட்காது.

குமட்டலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாத்திரையைக் குமட்ட ஆரம்பித்த பிறகு போடாதீர்கள். டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்து நடுப்பகுதி அறைகளில். ஆக, மலிவு அறை எடுத்த மகன் அறியாமல் ஒரு நல்லதும் செய்திருக்கிறான். வங்கக் கடலில் புயல் பிறக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் ஆசையே வேண்டாம்.

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டியதும் சூதாட்டக்கூடம் கண் விழிக்கும். 2022 ஜூனில் புதுச்சேரி அனுமதி தராமல் இந்தக் கப்பலைக் கரை சேரவிடாமல் திருப்பியனுப்பியதற்கு அந்தக் கூடமும் ஒரு காரணம். கணவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நூல் வாங்கிப் பாவு ஏற்றி, விற்கிற நாளில் என்ன விலை இருக்குமோ என்று வருஷம் முழுக்க ஆடிக்கொண்டிருப்பவருக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இலங்கை. சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு இந்தக் கப்பல் 2023 ஜூனில் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குப் போய்வரலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூலஸ்தானத்தில் வேல். பயணம் முழுக்க மனைவி வாய்விட்டுச் சிரித்தது இங்கேதான் என்று பிற்பாடு கணவர் சொல்வார். காரணம் தன் தொப்பை என்பதைச் சொல்ல மாட்டார்.

பெங்களூரில் மகன் இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். சென்னையிலிருந்து அந்தமான் போகும் அரசுக் கப்பல் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய மூன்று நாள். பங்க் வகுப்பு டிக்கெட்டில், அடுக்கடுக்கான படுக்கையில், லீவு முடிந்து திரும்பும் சிப்பாயும் கைக்குழந்தைக்காரியும் பக்கத்தில். நீச்சல் குளமோ அன்னப்பறவைத் துண்டோ கிடையாது. பார்ப்பதற்குக் கடலைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் கடலைப் பார்த்தே தீர வேண்டும். நம் தாத்தா காலத்தில் 'ரஜூலா' என்று ஒரு கப்பல், 1926-லிருந்து 1973 வரை, சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தளத்தில் படுக்கவைத்தே ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிப்போனது. அதில் போன எவரும் சுற்றுலா போனதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. என் கட்சி அந்தமான் கப்பல்தான். ஆனால் அதற்கு யாரும் பரிசாக டிக்கெட் எடுத்துத் தருவதில்லை.

திரும்பி வந்ததும் போட்டோ பிரச்சினை வரும். போனில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும். பாதி மனைவி எடுத்த கணவர், பாதி கணவர் எடுத்த மனைவி. அதிலும் தலை இருந்தால் கடல் இருக்காது. இருவரும் சேர்ந்து இருப்பது அந்த ஆரஞ்சுச் சட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். வருகிறவர்கள் உற்றுப் பார்த்து, "2015 வெள்ளத்துல மாட்டிக்கினீங்களா?" என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து, "எவ்ளோ ஆச்சு?" என்பார்கள்.