புத்தகம் புதுசாவே இருக்கே, பேராண்டி!

வாடா பேராண்டி, இப்படி உட்காரு. அந்தப் பையைக் கீழே வை. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள் புத்தகத்தையும் ஒரே நாள்ல தூக்கிட்டுப் போறியே, கெட்டிக்காரன்டா நீ! கால அட்டவணையைப் பார்க்கிற வேலை மிச்சம் பாரு. நானும் தோள்ல காண்டாக் கம்பு வைச்சு ரெண்டு வாளி ரப்பர்ப் பால் தூக்கினேன், அதுக்குத் தோட்டத்துல கூலி கொடுத்தாங்க. உனக்கு யாருடா கொடுக்கிறது?

அந்தப் பாடப்புத்தகமெல்லாம் அரசாங்கத்து இரவல். 2008-லேர்ந்து ஏழை பணக்காரன்னு பார்க்காம எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிறான். கிழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, வருசக் கடைசியில திருப்பிக் கொடுக்கணும். அதுல நீ ரொம்ப ஒழுங்கு. போன வருசத்துப் புத்தகத்துல அச்சு வாசனைகூடப் போகல. இந்த வருசமும் அப்படியே காப்பாத்திக் கொடுத்துரு.

நோட்டுதான் பாவம். நேத்து எடுத்துப் பார்த்தேன். 40,002-ல 16,758 போனா எவ்வளவு? போட்டே, அழிச்சே, திரும்பப் போட்டே, திரும்ப அழிச்சே. மூணு தலைமுறையா ரப்பர் மரம் வெட்டின குடும்பத்துல அழிக்க ஒரு துண்டு ரப்பர் இல்ல! விரல்ல எச்சில் தொட்டுத் தேய்ச்சிருக்கே. தாள்ல ஓட்டை விழுந்து பின்பக்கத்துக் கணக்கும் போச்சு. ஒரே தேய்ப்புல ரெண்டு கணக்கை முடிச்சவன் இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்தன்தான்.

எங்க காலத்துலன்னு ஆரம்பிச்சா எந்திரிச்சு ஓடிருவே. அதனால எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். 1923-ல மலாயாவுல வெள்ளைக்காரன் ஒரு தொழிலாளர் சட்டம் போட்டான். தோட்டத்துல ஏழு வயசுலேர்ந்து பதினாலு வயசுக்குள்ள பத்துப் பிள்ளைங்க இருந்தா, துரை பள்ளிக்கூடம் கட்டணும். நம்ம பிள்ளைங்க மேல அவனுக்குப் பாசம் பொங்கிருச்சுன்னு நினைக்காதே. பிள்ளைகுட்டியோட ஆளு தங்கினாத்தானே பால் இறங்கும்? லிங்கியோ ரந்தாவோ பகாவோ, எந்தப் பக்கம் போனாலும் லயத்துக்குப் பக்கத்துல ஒரு கொட்டகை, அதான் பள்ளிக்கூடம். பல தோட்டத்துல கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். காலையில பெரட்டுல ஆளை வேலைக்கு விரட்டிட்டு, அப்புறம் வந்து பிள்ளையை விரட்டுவார்.

இப்ப ரப்பர் போயி செம்பனை வந்துருச்சு. சனமெல்லாம் சிரம்பான், நீலாய்னு டவுனுக்குப் போயிருச்சு. பத்துப் பிள்ளை இருந்தா பள்ளியைக் கட்டுன்னு சட்டம் போட்ட நாட்டுல, பத்துப் பிள்ளைகூட இல்லாத தமிழ்ப்பள்ளியும் இருக்கு. 150 பேரோ அதுக்குக் கீழேயோ இருந்தாலே குறைந்த மாணவர் பள்ளின்னு கணக்கு. 30-க்கு இறங்கிட்டா ரெண்டு ஆண்டுப் பிள்ளைங்களை ஒரே வகுப்புல உட்கார வைக்கலாம்.

உன் கதை அதானே? டீச்சர் அஞ்சாம் ஆண்டுக்குச் சொல்லிக் கொடுக்கிறப்ப உன் காது அங்க இருக்கு. நாலாம் ஆண்டுக்குச் சொல்றப்ப உன் கண்ணு சன்னல்ல இருக்கு. அடுத்த வருசப் பாடத்தை இந்த வருசமே கேட்டுடுறே. இந்த வருசப் பாடத்தை எந்த வருசம்டா கேட்கப் போறே?

உன் ஆண்டுல மொத்தம் நாலு பேரு. கடைசியா வந்தாலும் நாலாவதுன்னு பெருமையா சொல்லிக்கலாம். டவுன் பள்ளியில முப்பது பேருக்கு நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டா டீச்சர் கண்ணுல படாது. நாலு பேருல எப்படி ஒளியிறது? நீ ஒளியிறே பாரு, அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் கொடு.

உங்கப்பன் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் சோதனைக்குப் பயந்து மாரியம்மன் கோயிலைச் சுத்தினான். அந்தச் சோதனையையும் 2021-ல எடுத்துட்டாங்க. இப்ப வகுப்புலயே பார்த்து 1-லேர்ந்து 6 வரைக்கும் அடைவுநிலை போடுறாங்க. "தாத்தா, நான் ஒண்ணு வாங்கிட்டேன்"னு ஓடி வந்து மிட்டாய் கேட்டியே ராசா, அதுல ஆறுதான்டா உசத்தி! கைவேலையில மட்டும் ஆறு வாங்கினே. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினது உங்கம்மா. பேசாம அவளையே நாலாம் ஆண்டுல சேர்த்துருவோமா?

சரி, மூஞ்சியைத் தூக்காதே. நாளைக்குச் சபைகூடல் முடிஞ்சதும் நேரா டீச்சர்கிட்ட போ. "கடன் வாங்கிக் கழிக்க எனக்கு வரல"ன்னு சொல்லு. நாலே பேருங்கிறதால பக்கத்துல உட்கார வைச்சே சொல்லிக் கொடுப்பாங்க. அதுக்கு டவுன்ல காசு கட்டி டியூசன் போறாங்க. வெட்கமா இருந்தா, "தாத்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு"ன்னு என் மேல போட்டுரு. அது பொய்யும் இல்ல. சைபர்கிட்ட எப்படிக் கடன் வாங்குறதுன்னு எனக்கும் தெரியாது. நான் வாங்கின கடனெல்லாம் தோட்டத்துக் கடையிலதான்.