கல்லைப் பார்க்க யார் வருவார்?

கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்துப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அது பிறந்தபோது முதுகெலும்புள்ள ஜீவன் ஒன்றுகூட பூமியில் இல்லை. அதனால் எல்லைத் தகராறும் இல்லை. பிறகு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பாறை இருந்த இடத்திலேயே இருக்க, விலாசம் மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிக்கு. அப்புறம் சேலம் ஜில்லா, 1965இல் தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி. பாறைக்கு ரேஷன் கார்டு இருந்திருந்தால் பெயர் மாற்றியே கிழிந்திருக்கும்.

இப்போது பாறையும் கிளம்பிவிட்டது. அறுத்து, பாலிஷ் போட்டு, ‘பாரடைசோ’ என்று யாரோ வைத்த பெயரோடு கன்டெய்னரில் ஏறிப் போகிறது. 250 கோடி வருஷச் சரித்திரத்தின்மேல் எங்கோ ஓர் அம்மாள் வெங்காயம் நறுக்குகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லைக் கல்லாகவே வைத்தால் பார்க்க நாதியில்லை என்பது மதராஸில் ஒரு டாக்டர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

டாக்டர் எட்வர்ட் பால்ஃபோர், ஸ்காட்லாந்துக்காரர், கும்பினி சர்ஜன். மதராஸ் இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த 1,100 மண்ணியல் மாதிரிகளை, அதாவது கற்களை, 1851இல் அவர் பொறுப்பில் விட்டார்கள். இலக்கியச் சங்கத்துக்குக் கல் எதற்கு என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரனுக்கு அப்போது எல்லாமே இலக்கியம். கல்லூரிச் சாலைக் கட்டடத்தின் மாடியில் அவற்றை அருங்காட்சியகமாக அடுக்கி, ஏப்ரல் கடைசியில் ‘பொதுமக்கள் வரலாம்’ என்று அரசிதழில் அறிவிப்பும் போட்டாயிற்று. கத்திரி வெயிலில் மாடியேறிக் கல் பார்க்க மதராஸ்வாசிக்கு என்ன தலையெழுத்து?

1854 கடைசியில் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியனுக்குக் குடிபோனது. துரைமாரும் துரைசானிமாரும் முன்பு நடனமாடிய மாளிகை அது. அங்கே பால்ஃபோர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். உயிருள்ள புலியும் சிறுத்தையும் கொண்டுவந்து காட்டினார். கூட்டம் நெட்டித் தள்ளியது. ருசி கண்ட மனிதர் நேரே ஆற்காட்டு நவாபிடம் போய், அரண்மனை மிருகங்களையும் பேசி வாங்கிவிட்டார். 1855இல் அந்த நவாப் வாரிசில்லாமல் இறந்துபோக, ‘வாரிசில்லையா, ரொம்ப நல்லது’ என்று கும்பினி நவாப் பட்டத்தையே விழுங்கியது. மிருகங்களை டாக்டர் கேட்டாவது வாங்கினார். 1856இல் அவர் வளாகத்தில் 300க்கு மேற்பட்ட ஜீவன்கள். நடுவில் கற்கள் என்ன ஆயின என்று விசாரித்தவர் எவருமில்லை.

1863இல் மிருகங்களைப் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் இரண்டுக்கும் தாங்களே பெயர் வைத்தார்கள்: மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ், அருங்காட்சியகம் செத்த காலேஜ். இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை எந்த அருங்காட்சியகமும் வாங்கியதாகத் தெரியவில்லை.

செத்த காலேஜில் ஒரு திமிங்கல எலும்புக்கூடு உண்டு, சுமார் 60 அடி. மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. தென்கன்னடம் அப்போது மதராஸ் மாகாணம். ஆகவே திமிங்கலமும் நம்முடையது. 1956இல் ஊர் மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று, எலும்பு எழும்பூரில் தங்கிவிட்டது. காவிரியில் ஒவ்வொரு டிஎம்சிக்கும் உச்ச நீதிமன்றம் ஏறுகிற இரண்டு மாநிலமும் எப்படியோ இதைக் கவனிக்கவில்லை. அத்திப்பள்ளி எல்லை தாண்டும்போது யாரிடமும் வாயை விட்டுவிடாதீர்கள்.

டில்லிக்காரர்கள் 1978இல்தான் விழித்துக்கொண்டு தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திறந்தார்கள். அதுவும் ஃபிக்கி கட்டடத்தில் வாடகைக்கு. சுமார் 16 கோடி வருஷத்து டைனசோர் எலும்பு ஒன்று, கண்டம் நகர்ந்ததையும் தாண்டி வந்து அங்கே குடக்கூலிக்கு இருந்தது. 2016 ஏப்ரல் 26 பின்னிரவில் கட்டடமே தீப்பிடித்தது. இந்த வகையில் மட்டும் பால்ஃபோரின் கற்கள் கெட்டிக்காரக் கற்கள்.

அந்த டில்லி அருங்காட்சியகத்தின் தென்னிந்தியக் கிளை ஓசூருக்கு எட்டும் தூரத்தில்தான், மைசூரில், காரஞ்சி ஏரிக்கரையில் 1995 முதல் இருக்கிறது. இடம் தேர்ந்தவர் பால்ஃபோர் கதையைப் படித்ததில்லை போலும். பக்கத்திலேயே 1892 முதல் மிருகக்காட்சிசாலை! ஓசூர்ப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே பஸ்ஸைவிட்டு இறக்கினால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று வாத்தியாருக்குத் தெரியும்.

கிருஷ்ணகிரிக்கென்று 1993இல் ஓர் அரசு அருங்காட்சியகம் வந்தது. உள்ளே முக்கியமான சரக்கு? கல்தான். ஆனால் இவை நடுகற்கள், பேசுகிற கற்கள். மாடு பிடிக்க வந்தவனோடு மோதிச் செத்தவன், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவன். லண்டன் சவுத் கென்சிங்டனில் 1881இல் திறந்த பெரிய அருங்காட்சியகத்தில், விலங்கைக் கொன்று கொடுத்த துரை பெயரைச் சீட்டில் எழுதுவார்கள். நம் ஆட்கள் விலங்கிடம் செத்தவனைக் கல்லில் செதுக்கிப் பொங்கலும் வைத்தார்கள். எது நேர்மையான பதிவேடு என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் லண்டன் வருத்தப்படும்.

இரும்பு சமாசாரமும் இங்கே பழசு. மயிலாடும்பாறை அகழாய்வு இரும்பை கி.மு. 2172 வரை கொண்டுபோகிறது. அந்த ஊர்க்காரர்களின் வாரிசு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறான். சானமாவு பக்கம் டிராபிக் நிற்கிறது. பன்னர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வந்திருக்கிறது; ராகி முற்றும் பருவத்தில் வருஷா வருஷம் வரும் கூட்டம்தான். பைக்கை ஓரம் கட்டிவிட்டு செல்போனைத் தூக்குகிறான். கூட்டம் நெட்டித் தள்ளுகிறது. வனத்துறைக்காரர் பட்டாசு கொளுத்துகிறார்.

பால்ஃபோர் காலத்தில் தீனிச் செலவு சர்க்கார் கணக்கு. இங்கே ராகி போட்டவன் கணக்கு. அவன் மட்டும் யானையைப் பார்க்காமல் வி.ஏ.ஓ.வைத் தேடிக்கொண்டிருக்கிறான், நஷ்டஈட்டு மனுவில் கையெழுத்து வாங்க.