ஜீவனாம்சம் தராமல் தப்பிப்பது எப்படி? கெலவரப்பள்ளிக் கணவர்களுக்குச் சில யோசனைகள்

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சம்பளத்தைக் குறையுங்கள். ஓசூர் சிப்காட்டில் நேற்றுவரை சூப்பர்வைசராக நடமாடியவர், இன்று முதல் கான்ட்ராக்ட் கூலி. ஓவர்டைம், சீட்டுப் பணம், பாகலூர் பக்கம் தம்பி பெயரில் போட்ட ரோஜாப் பசுமைக்குடில் எதைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நம் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் பெங்களூர்க் கழிவு நுரை மாதிரி பொங்கிய வருமானம், கோர்ட் படியேறியதும் அடங்கிவிட வேண்டும். ஒரே ஒரு தொல்லை. சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் பொய் எழுதினால் அதற்கென்று தனியாக மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் வேலையையே விட்டுவிடலாமா? உடம்பில் தெம்பிருந்தால் கூலி வேலை செய்தாவது கொடு என்கிறது அதே நீதிமன்றத்தின் 2022 அஞ்சு கர்க் தீர்ப்பு. உங்கள் அப்பா காலம்தான் பொற்காலம். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்கவே முடியாது. 2001இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வசதி உண்டு: எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு போலீஸ். அங்கே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டால் தமிழ்நாட்டு உத்தரவு என்ன செய்யும்? பஸ் ஏறிப் பின்னாலேயே வரும். நீங்கள் இருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டே அதை நிறைவேற்றலாம். மனைவியும் உங்கள் ஊருக்கு அலைய வேண்டாம்; தேன்கனிக்கோட்டைத் தாய்வீட்டில் இருந்தால் அங்கேயே மனுப் போடலாம்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சில்லறையாகக் கொடுங்கள். 2024 டிசம்பரில் கோவை குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருவர் இடைக்கால ஜீவனாம்சத்தில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக மூட்டை கட்டிக் கொண்டுபோனார். நோட்டாக மாற்றி வா என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். வந்த மூட்டையை அவரே சுமந்து திரும்பினார். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தைப் புரட்டியிருந்தால் இடுப்புவலி மிச்சமாகியிருக்கும்: அந்த நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும்.

உண்மையாகவே பலிக்கும் வழி ஒன்றுதான்: வாய்தா. இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் 'கூடியவரை'யில்தான் உங்கள் ராஜ்யம். வக்கீலுக்குக் காய்ச்சல், உங்களுக்கு நைட் ஷிப்ட். அதற்குள் பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு மனைவி தன் தோட்டை அடகு வைத்திருப்பாள். உங்களுக்கு அதுதானே வேண்டும்? ஆனால் மனுப் போட்ட தேதியிலிருந்தே பாக்கி ஏறும். கட்டாமல் ஜெயிலுக்குப் போய்வந்தாலும் பாக்கி கழியாது; 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மனைவி காதில் போட்டுவிடாதீர்கள்: சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.