ஏணி பிடிச்சவன் புத்தி

வாடா பேராண்டி. ஈப்போவுல நெட்வொர்க் படிப்பை முடிச்சு, எஸ்கேஎம் சான்றிதழோட மலையேறி வந்துட்டியாம். நீ வந்த பஸ்சு சிம்பாங் பூலாய் தாண்டுறதுக்குள்ள உங்க அத்தை புளூ வேலி தோட்டம் பூரா சொல்லி முடிச்சுட்டா. சந்தோஷம். சான்றிதழை மாட்டுறப்ப ஆணியைக் கெட்டியா அடி. இந்தப் பனியில சுவரெல்லாம் ஊறிக் கெடக்கு. அது கழண்டு விழுந்துட்டா உன் படிப்புல மிச்சம் என்ன இருக்குன்னு ஊரே பாத்துரும்.

நான் படிச்சவன் இல்ல. கம்போங் ராஜாவுல காய்கறி தவுக்கே ஆபீஸ்லயும் பூப்பண்ணையிலயும் கேபிள் இழுக்க வர்ற பசங்களுக்கு ஏணி பிடிச்சவன். வேலை பாத்த அனுபவத்தைக் காட்டியே எஸ்கேஎம் வாங்குற வழி இருக்காம். ஏணி பிடிச்சதைச் சேப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு. அதுவரைக்கும் ரெண்டு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ.

'லைன் ரோசாக்'னு யாராச்சும் கூப்பிட்டா, போன உடனே லேப்டாப்பைத் தெற. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓட விடு. அப்பத்தான் தவுக்கே மரியாதையா கோப்பி வைப்பாரு. குனிஞ்சு, ஸ்விட்ச்சுல வெளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துராத. பாத்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிரும், கோப்பி வராது. ஒரு பையன் அப்படித்தான் மத்தியானம் பூரா ஐபி நம்பரை மாத்தி மாத்தி அடிச்சான். கூட்டுற அம்மா வந்து, "தம்பி, தொடைக்கும்போது இந்த வயரு கழண்டு வந்துச்சு, ஓரமா வச்சிருக்கேன்"னு நீட்டுனாங்க. "இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்"னு வாங்கிக்கிட்டான் பாரு, அந்தச் சாமர்த்தியத்தை எந்த வாத்தியார் சொல்லித் தருவாரு?

சரி, ஆர்ஜே45 முனை எத்தனை கிரிம்ப் பண்ணியிருக்க? கையில காப்பு காய்ச்சிருக்கான்னு காட்டு. மெத்துன்னு இருக்கே! வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பாத்தியா, எனக்கே மனப்பாடம். பச்சை ஜோடியைப் பிரிச்சு நடுவுல நீலத்தை எதுக்குடா நுழைச்சான்? நடுப் பின்னு ரெண்டும் பழைய டெலிபோன் லைனுக்கு விட்டுக் கொடுத்த எடம். இது தெரியாத அழகுப் பிரியன் ஒருத்தன் நாலு ஜோடியையும் வரிசையா அடுக்கிட்டான். ரெண்டு முனையிலயும் அதே வரிசை. மலிவு டெஸ்டரும் ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வெளக்குப் போட்டு 'ஜோர்'னுருச்சு. ஆனா மூணும் ஆறும் ஒரே முறுக்குல ஓடணும். இவன் ஆளுக்கொரு முறுக்குல விட்டுட்டதால ஒரு கம்பியோட சத்தம் அடுத்ததுல ஏறிருச்சு. கைநீள வயருல ஓடினது, ஆபீஸ்ல இருந்து கொட்டாய் வரைக்கும் இழுத்ததும் திணறுச்சு. டெஸ்டர் வெளக்கு கம்பி ஒட்டியிருக்குன்னு சொல்லும், முறுக்கு சரியான்னு சொல்லாது. இன்னொண்ணு, 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். அந்த மிச்ச நாலுல ஒண்ணு சரியா கடிக்கலைன்னா வேகம் சத்தமில்லாம 100-க்கு எறங்கலாம். நீ லைன் குடுத்த கம்பெனியைத் திட்டிக்கிட்டே இரு, தவுக்கேயும் கூட சேந்து திட்டுவாரு.

அடுத்தது டிசைனு. நீ கம்ப்யூட்டர்ல கோடு போடுறப்ப மலையே இருக்காது. இங்க ஆபீஸ் மேட்டுல, காய்கறி கட்டுற கொட்டாய் பள்ளத்துல, நடுவுல பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டம். தாமிரக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. சுவத்துக்குள்ள போறது 90, ரெண்டு பக்கமும் செருகுற வயரு 10. ஏறி எறங்கி, வளைஞ்சு போனா அதுலேயே பாதி போயிரும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடணும். கண்ணாடி இழையில வெளிச்சம் போகும், இடி மின்னல் ஏறாது. ஆனா நீ தாமிரமே போடுடா. மலேசியாவுல இடிக்கா பஞ்சம்? ஒவ்வொரு இடிக்கும் ஒரு ஸ்விட்ச்சு கருகும், விக்கிற லாபம் உனக்கு. அலுமினியத்துக்கு மேல தாமிரம் பூசின மலிவுக் கேபிள் கெடைச்சா அதையே வாங்கு. வளைச்சா ஒடியும். பிஓஇ-யில, அதாவது அதே வயரு வழியா, கேமராவுக்குக் கரண்டு அனுப்பினா சூடேறும். சுவத்துல நுழையிற எடத்துல வயரைக் கீழ் வளைவா விடாத. அப்பத்தான் மழைத்தண்ணி வயரோடவே ஊர்ந்து நேரா ஸ்விட்ச்சுக்குள்ள போகும்.

இந்த வயரு நெட்வொர்க்கு இருக்கே, ஈதர்நெட்டு, அதுவே கைவேலைக்காரன் வெச்ச பயிர்தான். ஹவாயில தீவுக்குத் தீவு ரேடியோவுல கம்ப்யூட்டரைப் பேச வெச்சாங்க. அதைப் பாத்துட்டு 1973-ல ஜெராக்ஸ் கம்பெனியில பாப் மெட்காஃப், டேவிட் பாக்ஸ்னு ரெண்டு பேரு கேபிள்ல பேச வெச்சாங்க. அப்புறம் வந்தது தடிமனான மஞ்சக் கேபிள், 500 மீட்டர் நீளம். ரெண்டரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுல துளை போட்டு, ஊசி எறக்கித்தான் கம்ப்யூட்டரை மாட்டணும். அன்னிக்கு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவன் எவனும் கெடையாது.

இப்ப முக்கியமானதைக் கேக்குறேன். உன் வாத்தியார் உங்களை எதையாச்சும் கெடுக்க விட்டாரா? ஒரே வயரோட ரெண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சுல செருகச் சொன்னாரா? லயத்துல ஒருத்தி சொன்ன சேதி கடைசி வீட்டைத் தொட்டு, திரும்பி அவ காதுக்கே புதுச் சேதியா வந்து, மறுபடி கிளம்பும் பாரு, வயருல போற சேதியும் அப்படிச் சுத்தும். கொஞ்ச நேரத்துல எல்லா வெளக்கும் பைத்தியமா மின்னும், ஆபீஸே படுத்துரும். இந்தச் சுத்தை அறுக்க வழி கண்டது ராடியா பெர்ல்மன்ங்கிற அம்மா, 1985-ல. அதைப் பத்திக் கவிதையும் எழுதினாங்க, நீ போய்த் தேடிப் படி. ஆனா மலிவு ஸ்விட்ச்சுல பெரும்பாலும் அந்த வித்தை இருக்காது.

நல்ல பயிற்சின்னா பாதி நேரம் கட்டணும், பாதி நேரம் கெடுக்கணும். ஒருத்தன் ரகசியமா ஒரு பழுது வைக்கணும், அடுத்தவன் கண்டுபிடிக்கணும். வீட்டு ரவுட்டர் ஒண்ணைக் கொண்டாந்து லேன் போர்ட்டுல செருகிட்டா, அது பாட்டுக்குத் தானும் ஒரு கிராணி மாதிரி எல்லாருக்கும் ஐபி நம்பர் குடுக்க ஆரம்பிச்சிரும். பாதி ஆபீஸ் வேலை செய்யும், பாதி முழிக்கும். இதைப் புத்தகத்துல படிச்சவனுக்கு ஒரு நாளாகும், ஒரு தடவை கையால பண்ணிப் பாத்தவன் ஐபி நம்பரைப் பாத்ததுமே அடையாளம் கண்டுருவான். பழுது தேடுறப்ப மொதல்ல வெளக்கு, அப்புறம் உன் ஐபி, அப்புறம் பக்கத்து ரவுட்டருக்கு பிங், அப்புறம் வெளியில. ஒரு நேரத்துக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். ஆனா நீ நாலஞ்சை ஒண்ணா மாத்து. சரியாயிட்டா எது சரி பண்ணுச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, உனக்கும் தெரியாது.

லேபிளா? ஒட்டவே ஒட்டாத. எந்த வயரு எங்க போகுதுன்னு உனக்கு மட்டும் தெரிஞ்சா, உன்னை எவனும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு, கொட்டுற பனியில, கொட்டாய்க் கேமரா படுத்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னால பசார்ல நல்ல கம்பளிக் குல்லாவா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ.