மேதையின் கால் கட்டைவிரல்

ஸ்மார்ட் ஷூ என்றதும், தானே லேஸ் கட்டிக்கொள்ளுமே, 2016-ல் வந்த நைக்கி ஷூ, அதுதானே ஞாபகம் வருகிறது? அது நேற்றுப் பிறந்த குழந்தை சார்! 1961-லேயே ஷூவுக்குள் சுவிட்ச் வைத்தவர் சாட்சாத் கிளாட் ஷானன். இன்டர்நெட், செல்போன் அத்தனைக்கும் அஸ்திவாரமான தகவல் கோட்பாட்டைத் தந்த மகான். எதற்காக வைத்தார்? மனிதகுல மேம்பாட்டுக்கா? ஊஹூம், சூதாட!

1960-ல் எட்வர்ட் தார்ப் என்ற இளம் கணித ஆசிரியர், பிளாக்ஜாக் சீட்டாட்டம் பற்றிய கட்டுரையோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷானனைப் பார்க்கப் போனார். பேச்சு, சுற்றும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பணம் கட்டும் ரூலெட்டுக்குத் தாவியது. பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூட வராந்தாவில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிய ஆசாமியான ஷானன் சும்மா இருப்பாரா? 1,500 டாலருக்கு அசல் ரூலெட் சக்கரத்தையே வாங்கி வீட்டில் இறக்கிவிட்டார். கேட்டால், ஆராய்ச்சி!

பிறந்தது சிகரெட் பாக்கெட் சைஸில், 12 டிரான்சிஸ்டரோடு ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டு? கால் கட்டைவிரல்! சக்கரமும் பந்தும் சுற்றும் வேகத்தை ஷூவுக்குள் விரலால் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் எட்டுப் பகுதிக்கும் ஆளுக்கொரு ஸ்வரம். பந்து எங்கே விழும் என்பதை ரேடியோ வழியாகக் கூட்டாளியின் காதில் பாடும். இரண்டு மகா மூளைகளும் உட்கார்ந்து கால்விரலுக்கு டியூஷன் எடுத்தன.

அப்புறம் மனைவிமார் சகிதம் லாஸ் வேகஸ் யாத்திரை. ஷானன் சக்கரத்தருகே நின்று, விழுந்த எண்களையெல்லாம் பயபக்தியோடு எழுதிக்கொண்டார், கணக்குப் போட்டே ஓட்டாண்டியாகும் சூதாடிகள் மாதிரி. கேசினோவில் யாரும் சந்தேகப்படாத வேஷம் முட்டாள் வேஷம்தானே!

கட்டியதோ 10 சென்ட் சில்லுகள். சக்கரம் வாங்கிய காசைத் தேற்ற எத்தனை ஜென்மம் ஆகுமோ! ஆனால் கம்ப்யூட்டர் பிரமாதமாக வேலை செய்தது. லாப விகிதம் 44 சதவீதம் என்று கணக்கு. மக்கர் செய்தது, ரேடியோ ரிசீவரிலிருந்து காதுக்குப் போன வயர். முடி மாதிரி மெல்லிசு, அறுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை பக்கத்திலிருந்த பெண்மணி தார்ப்பைப் பார்த்து அரண்டுபோனார். காதிலிருந்து ஸ்பீக்கர், வேற்றுக்கிரகப் பூச்சிபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது!

அத்தோடு ஆட்டம் குளோஸ். 1985-ல் நெவாடா அரசு இந்த மாதிரிக் கருவிகளுக்குத் தடைச் சட்டமே போட்டது. ஷானனுக்கு அந்தச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. தகவல் சேதாரமில்லாமல் போய்ச் சேருவது எப்படி என்று உலகத்துக்கே வகுப்பெடுத்தவர், அதைக் கூட்டாளியின் காதுவரை கொண்டுபோக முடியாமல் மூட்டை கட்டினார்!