இறக்கைக்குச் சாயம்

கேள்வி: ட்ரோனின் வெள்ளை இறக்கைகளுக்கு வீட்டிலேயே சிவப்பு அடிக்கலாமா? (மாணவர், நெய்வேலி டவுன்ஷிப்)

பதில்: பெயின்ட் வேண்டாம். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் இறக்கையில் ஒரு பக்கம் பூச்சு கூடினாலே ட்ரோன் சாமியாடும். சாயம் ஏற்றுங்கள். நைலான் என்றால் பட்டு, கம்பளிக்கான ஆசிட் சாயம், வெந்நீரில் கொஞ்சம் வினிகர். பாலிகார்பனேட் என்றால் பாலியெஸ்டர் துணிக்கான டிஸ்பெர்ஸ் சாயம். சூடு மிஞ்சினால் வளைந்துவிடும். அம்மாவின் சாம்பார்ப் பாத்திரத்தை எடுத்தால் வளைவது வேறு! முன் இரண்டு சிவப்பு, பின் இரண்டு வெள்ளை என்று வைத்தால், பறக்கும்போது முகம் எது, முதுகு எது என்று தெரியும். பழுப்பு நிறமா? பழுப்பு நிலக்கரி ஊரில் அதற்குச் சாயம் வாங்குவது அநியாயம். ட்ரோன் 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் சான்றிதழ் வேண்டாம்தான். அதற்காகச் சுரங்கம், அனல்மின் நிலையம் பக்கம் விட்டால், காவலர் வந்ததும் உங்கள் முகம்தான் நிறம் மாறும்.