குரங்குக்குப் பிடிக்காத விதை

மாமாவுக்கு விவசாயம் வந்தது 2022 ஜூன் மாதத்தில். அரசாங்க ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வர வேண்டாம், வீட்டிலிருந்து பயிர் செய்யுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்த மாதம் அது. முப்பது வருடமாகக் கோப்பைத் தவிர வேறெதையும் வளர்க்காத மனிதர், முதல் வெள்ளிக்கிழமையே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டார். உரத்துக்கு வழியில்லை. முந்திய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையை விலக்கியும் கொண்டார்கள்; விலை மட்டும் மலையேறியே நின்றது.

"உரம் இல்லாட்டி என்ன மாப்ள? மீன் போடுதே!" என்றார்.

மீன் என்ன போடுகிறது என்பதை அவர் விளக்கியபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொட்டியில் மீன் கழிப்பது அமோனியாவாகும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். அந்தத் தண்ணீரைப் பம்பு சரளைக்கல் படுக்கைக்கு ஏற்றும். செடி நைட்ரேட்டைக் குடித்துவிட்டு, தண்ணீரைச் சுத்தமாக மீனுக்கே திருப்பி அனுப்பும். மண் இல்லை, களை இல்லை. "மீனுக்குச் சோறு யாருங்க போடுறது?" என்று மாமி கேட்டதற்குப் பதில் வரவில்லை.

எங்கள் ஹுன்னஸ்கிரிய, கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ-26 வீதியில், மீமுரேக்குப் பாதை பிரிகிற இடம். 1815இல் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெள்ளைக்காரருக்குத் தப்பி ஒளிந்ததும் பிடிபட்டதும் பக்கத்து மெதமஹநுவரப் பகுதியில்தான். இந்தப் பக்கத்தில் எதையும் ஒளித்துவைக்க முடியாது என்பதற்கு அது முதல் ஆதாரம். இரண்டாவது ஆதாரம் மாமாவின் தோட்டம். அதற்குப் பிறகு வருகிறேன்.

விதை வாங்கப் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். விதைக் கடைக்குள் போன மனிதன் பக்கட்டில் இருக்கும் படத்தைத்தான் வாங்குகிறான். அந்தத் தக்காளியைப் போன்ற தக்காளியை எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட தக்காளி இனங்களின் பெயர்களைக் கடைக்காரர் சொன்னார்: திலின, மஹேஷி, ராஜித, பாத்திய. பள்ளிக்கூடத்து இடாப்பு கூப்பிடுவது போலிருந்தது. மாமா எல்லாருக்கும் "ஓம்" சொன்னார்.

நான் குறுக்கிட்டேன். புதுத் தொட்டியில் பாக்டீரியா குடியேறவே நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீரில் சத்து கிடையாது. அதற்குப் பிறகும் தக்காளி, கத்தரி மாதிரிக் காய்க்கிற சாதி பொட்டாசியம் கேட்கும்; மீன் தீனியில் அது போதாது. கீரைதான் கடன் கேட்காத சாதி. மாமா படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப சலாது குடுங்க. பத்து கிராம்."

ஒரு கிராம் சலாது விதையில் எண்ணூறிலிருந்து ஆயிரம் விதை இருக்கும். மாமாவின் சரளைப் படுக்கையில் இருபது செடிக்கு இடம். பத்து கிராம் வாங்கினால் ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனிய வரைக்கும் வீதியோரமாக நட்டுக்கொண்டே போகலாம். ஆகச் சின்னப் பக்கட்டாக ஒன்று எடுத்தோம்.

அடுத்துக் கடைக்காரர் பெருமையாக எடுத்து வைத்தது ரோஸ் நிறத்தில் பளபளத்தது. சின்னப் பிள்ளை கண்டால் மிட்டாய் என்று வாயில் போடும்.

"மருந்து போட்ட விதை ஐயா. பூஞ்சணம் கிட்ட வராது."

"மீன் கிட்ட வருமே?" என்றேன்.

அது வெறும் பகிடியில்லை. விதைக்குப் பூசும் திராம், கப்டான் போன்ற பூஞ்சணக்கொல்லிகள் மீனுக்குக் கடும் நஞ்சு. மண்ணில் விதைத்தால் மண்ணோடு போகும். இங்கே விதையைக் கழுவிய தண்ணீர் சுற்றிச் சுற்றி மீனிடமே போய்ச் சேரும். வீட்டில் மீன்-செடித் தோட்டம் போடுகிறவர் விதைப் பக்கட்டில் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, திகதி. வெங்காய விதைக்கு ஆயுள் ஒரு வருடம்தான். தக்காளி விதை நாலு வருடம் தாக்குப் பிடிக்கும்.

கடைக்காரர் ரோஸ் விதையை உள்ளே வைத்துவிட்டு, "மீனுக்கா விதை வாங்குறீங்க, உங்களுக்கா?" என்றார். நியாயமான கேள்வி.

சலாது முளைத்தது. சூடு கூடினால் தூங்கிவிடுகிற அந்த விதைக்கு எங்கள் மலைக்குளிர் தோதுதான். மண்ணில் புதைக்காமல், ஈரமான தும்புத் தூள்மேல் தூவிவிட்டால் போதும்; அதற்கு வெளிச்சமும் வேண்டும். கங்குனுக்கும் பொன்னாங்காணிக்கும் விதையே வாங்கவில்லை. சந்தையில் கட்டு வாங்கி, இலையைச் சுண்டிவிட்டுத் தண்டைச் சரளையில் மாமி குத்திவைத்தார். கட்டின் விலையில் கறியும் ஆயிற்று, தோட்டமும் ஆயிற்று. மார்கழியில் வடகீழ்ப் பருவ மழையும் பனியும் வந்தபோது திலாப்பியா குளிரில் சுருண்டு தீனியைத் தொடவில்லை. மீன் உண்ணாவிரதம் இருந்தால் கீரை மஞ்சளாகிவிடும் என்பது அப்போது தெரிந்தது. பின்னே வெயில் வந்தது, மீன் தின்றது, கீரை நிமிர்ந்தது. மாமா ஊரெல்லாம் ஆள் கூட்டிவந்து காட்டினார்.

அழைக்காமலும் சிலர் வந்தார்கள். எங்களுடையது நக்கிள்ஸ் காட்டோரத்து ஊர் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத, உச்சியில் மயிரைத் தொப்பி மாதிரி வட்டமாகச் சீவிவிட்ட குரங்குக் குடும்பம். மண்ணில்லாத கீரையை அவை விரும்பிச் சாப்பிட்டன. கழுவுகிற வேலையில்லை பாருங்கள். சலாதை வேரோடு உருவி, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைத் தொட்டிக்குள் போட்டன. மீனுக்குச் சோறு யார் போடுவது என்ற மாமியின் கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அதிலிருந்து மாமா விதை வாங்குவதற்கு ஒரே விதிதான்: குரங்குக்குப் பிடிக்கக் கூடாது. இதை எந்தப் பக்கட்டிலும் அச்சடிப்பதில்லை. கொச்சிக்காய் தேறியது. புதினா தேறியது. மூன்றாவது விதையை மாமி பலசரக்குக் கடையிலிருந்து கொண்டுவந்தார்: பலூடாவில் போடுகிற கசகசா. நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது திருநீற்றுப் பச்சையின் இனத்து விதை. தின்கிற விதை, ஆகவே மருந்து பூசியிருக்காது. நனைத்ததும் வழுவழுவென்று ஊறி, சில நாளிலேயே முளைவிட்டது. அந்த வாசனைக்குக் குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி என்ற அறிஞர் திலாப்பியாத் தண்ணீரில் இதே குடும்பத்துச் செடியை வளர்த்துப் பெயரெடுத்தவர் என்று மாமாவுக்குச் சொன்னேன். "அவருக்கும் குரங்குத் தொல்லையா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். பம்பு நின்று, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே மாமா, "கீரையக் குடுக்கலன்னு கரண்ட புடுங்கிருச்சு மாப்ள" என்றார்.

அடுத்த மாதம் 15ஆம் திகதி, பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள்: காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம். குரங்கு, மந்தி, மயில், மலை அணில் என்று கட்டம் போட்ட தாளோடு மாமா ஏழரைக்கே முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். வானொலிச் செய்திக்குக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார். எட்டு மணி. ஓர் அணில்கூட எட்டிப்பார்க்கவில்லை. 8.05க்கு எல்லாக் கட்டத்திலும் சுழியம் போட்டுக் கையெழுத்தும் போட்டார். 8.07க்குக் குடும்பம் மொத்தமும் கூரையில் இறங்கியது; ஒன்றின் வயிற்றில் குட்டியும் தொங்கியது.

"எழுதிக்கங்க மாமா!" என்று கத்தினேன்.

"நேரம் முடிஞ்சிருச்சு மாப்ள. அரசாங்கத் தாளுல பொய் எழுத முடியாது."

"சரிங்க, எழுத வேணாம்," என்றார் மாமி, அடுப்படியிலிருந்து. "வெரட்டவாவது செய்யலாம்ல?"